அறுநூற்றுப் பத்து கிராம்

அந்தக் கம்பள ஆலையில் எதுவும் முடிவதில்லை. நுழைவாயில் வளைவில் அப்படித்தான் எழுதியிருந்தது. உள்ளே குப்பைத் தொட்டி கிடையாது. 'அடுத்த கட்டம்' என்று எழுதிய பச்சைப் பெட்டிகள்தான் உண்டு. தேநீர் குடித்த காகிதக் கோப்பை அடுத்த கட்டத்துக்குப் போகும். ஓய்வு பெறுகிறவர்களுக்கும் அதே சொல்லைச் சொல்லித்தான் கைகொடுத்து அனுப்பினார்கள்.

ஆலை கம்பளத்தை விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பத்து வருடத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும். தேய்ந்ததும் திரும்ப வாங்கி, பின்துணியை உரித்து, இழையை அரைத்து, உருக்கி, அதிலேயே புதுக் கம்பளம் செய்யும். அதற்காக ஒவ்வொரு கம்பளத்துக்கும் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. பிறந்த தேதி, எடை, போன வீடு, பயனர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளர்களில் பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் கிடையாது. அவர்கள் எங்கேயும் போகவில்லை.

திரும்பி வரும் கம்பளத்தை விரித்து, தேய்வுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவது ஒருவருடைய வேலை. ஒன்று என்றால் முழுக்கத் தேய்ந்தது. அவரைத் தேய்வுக்காரர் என்று கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம், ஒரே மேசை. முதலில் உள்ளங்கையால் தடவுவார். இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"இங்க கட்டில். ரெண்டு பக்கமும் இறங்கியிருக்காங்க. கொஞ்ச வருஷமா ஒரு பக்கம்தான்."

பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன் ஒருமுறை நம்பாமல் அந்த வீட்டுக்கே போன் போட்டு விசாரித்தான். கேட்டுவிட்டுப் போனை வைத்தான். அன்றிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் புது அரவை இயந்திரம் வந்தது. இரண்டு மாடி உயரம். ஒரு நாளைக்கு நாலு டன் தின்னும். தொழிலாளர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு போட்டாலும் முகம் மலராது. வீடுகளிலிருந்து திரும்பி வந்ததோ ஒன்றரை டன். ஜனங்கள் பழைய கம்பளத்தைத் திருப்பித் தராமல் நாய்க்குப் போட்டார்கள். இயந்திரம் பாதி நாள் சும்மா சுற்றியது. சும்மா சுற்றினால் ஆலையின் மறுசுழற்சி நற்சான்று போய்விடும். புதுக் கம்பளத்தைப் போட்டு அரைக்கலாம் என்றால் விதி இடம் தரவில்லை. பயன்படுத்தப்பட்ட கம்பளம் மட்டுமே கணக்கில் வரும்.

சுழற்சி மேலாளர் எல்லோரையும் நாலாம் கூடத்துக்குக் கூப்பிட்டார். தரை முழுவதும் புத்தம் புதுக் கம்பளம் விரித்திருந்தது. ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நண்பர்களே, அரைக்கணும்னா தேயணும். தேயணும்னா யாராவது நடக்கணும். நம்ம வாடிக்கையாளர்கள் பத்து வருஷத்துல செய்யறதை நாம பத்து நாள்ல செய்யப் போறோம். இயற்கைக்கு நாம செய்யற உதவி இது. ஆனா ஒண்ணு. ஆலையில நடக்கற மாதிரி நடக்காதீங்க. வீட்டுல நடக்கற மாதிரி நடங்க. மனைவி கூப்பிட்டா எப்படித் திரும்புவீங்க? அப்படித் திரும்புங்க."

"கூப்பிட்டா திரும்பவே மாட்டாங்க சார்," என்றான் வண்டிக்காரன். கூடம் சிரித்தது. மேலாளரும் சிரித்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டார்.

அசல் தேய்வு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் தேய்வுக்காரர் ஒருவர்தான். எனவே நடைப் பிரிவுக்கு அவரே தலைவர் ஆனார். நாற்பது பேர், தினமும் மாலை நாலு முதல் எட்டு வரை. அவர் சுண்ணாம்புக் கட்டியால் கம்பளத்தின் மேல் வீடு வரைந்தார். இது கதவு, இது கட்டில், இது அடுப்படிக்குப் போகிற வழி. வேலையை அரைகுறையாகச் செய்வது அவருக்கு ஆகாது.

"எல்லாரும் நடந்துக்கிட்டே இருந்தா அது வீடு இல்ல, ரயில்வே ஸ்டேஷன்," என்றார். "ஜன்னல் பக்கம் ஒருத்தர் நிக்கணும். எந்த வீடா இருந்தாலும் ஒருத்தர் நின்னிருப்பாங்க."

சாயப் பட்டறையிலிருந்து வந்த ஒருவரை ஜன்னலுக்கு என்று நியமித்தார். அங்கே ஜன்னல் இல்லை. சுண்ணாம்புக் கோடு இருந்தது. "சும்மா நிக்காதீங்க. யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நில்லுங்க. குதிகால் அழுத்தணும். அப்பப்ப முன்னால சாயணும்," என்று சொல்லிக் கொடுத்தார். அவருடைய கூடத்திலிருந்து போன கம்பளம் ஒன்றுகூடத் தணிக்கையில் தோற்கவில்லை.

வீட்டில் மனைவி மட்டும். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வலது கால் சரியாக ஊன்ற வராது. மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை போன் பேசுவாள்.

"ஏங்க, இன்னைக்கும் நடையா?"

"ம்."

"கடைத்தெரு வரைக்கும் கூட வாங்கன்னா முட்டி வலிக்குதும்பீங்க. அங்க நாலு மணி நேரம் நடக்கறீங்க. யாரு இருக்கா அங்க?"

"நாப்பது பேர் இருக்காங்க. எல்லாருக்கும் மீசை."

"எனக்கென்ன தெரியும், எட்டிப் பார்த்தேனா?" என்பாள். பிறகு, "நாலு மணி பஸ்ல வருவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"முடிஞ்சா வந்துடறேன்."

ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார். நாலு மணிக்கு மேலாளர் கூடத்தின் வாசலில் நின்று, பஸ்ஸுக்குப் போகிறவர்களைப் பார்த்து, "நம்ம கிரகத்தைவிட வீடு முக்கியமா போச்சா?" என்பார். அதற்கு மேல் யார் போவார்கள்?

கூடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. மணி அடித்தால் நடை கெடுகிறது என்று அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பூட்டைத் திறந்தபோது பதினொரு அழைப்பு இருந்தது. பத்து, அடுத்த வீட்டுப் பெண்மணியிடமிருந்து. முதல் அழைப்பு நாலு மணி இருபது நிமிடம், அது மனைவியிடமிருந்து. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள்.

காரியங்கள் எல்லாம் ஆன பிறகு விடுப்புக்கு எழுதிக் கொடுக்க மனிதவள அதிகாரியிடம் போனார். அந்த அம்மாள் நல்லவர். எழுந்து நின்று வருத்தம் சொன்னார். பிறகு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"காரணம்னு ஒரு இடம் இருக்குங்க. திருமணம், மகப்பேறு, வெள்ளம், இடமாற்றம். நாலுதான் இருக்கு."

"செத்துப் போயிட்டாங்க அம்மா."

"புரியுதுங்க. ஆனா அந்த வார்த்தையை வளாகத்துலேர்ந்தே எடுத்துட்டோம். கொள்கை முடிவு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "கொள்கை... ஏற்பாடு. வெள்ளம்னு போட்டா போட்டோ கேப்பாங்க. இடமாற்றம்னு போட்டுடட்டுமா?"

அவர் தலையாட்டினார். அன்று எதற்கும் தலையாட்டுகிற நிலையில்தான் இருந்தார்.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. அவர் வீட்டுப் படுக்கையறையில் இருந்த கம்பளத்தை ஆலைதான் கொடுத்திருந்தது. தொழிலாளர் குடும்பத்துக்கான சலுகை. வீட்டில் இருப்பவர் பெயரில் பதிவு. பயனர் இடம் மாறிவிட்டதால் கம்பளம் வீடு திரும்ப வேண்டும் என்று கடிதம் சொன்னது. ஆலையின் மொழியில் வீடு திரும்புவது என்றால் அரவைக்குப் போவது. ஒவ்வொரு கம்பளத்தின் முதுகிலும் கடைசியில் அந்த முத்திரையைத்தான் குத்துவார்கள்.

அவர் மேலாளரைப் போய்ப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டார்.

"அது மட்டும் இருக்கட்டும்ங்க. அவ இருந்த ரூம்."

மேலாளர் அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அது உங்க கார்பெட் இல்ல. உங்ககிட்ட இருந்த கார்பெட். அதுக்கு இங்கதான் வீடு. ஒரு பொருள் தன்னோட இடத்துக்குத் திரும்பி வரணும்னு தவிக்கிற தவிப்பை, உங்களை மாதிரி அனுபவஸ்தர் தடுக்கலாமா? யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் ஒரே வீட்டுல கிடந்துட்டு, யாராவது வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்களான்னு அது காத்துக்கிட்டிருக்கும். எனக்கு இதைப் பேசும்போதே கண்ணு கலங்குது."

உண்மையிலேயே கலங்கியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையில் ஒட்டியிருந்த இழையை எடுத்துப் பச்சைப் பெட்டியில் போட்டார்.

அந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் வந்து எடுத்துப் போவார்கள் என்றார்கள். அடுத்த வீட்டுப் பெண்மணியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மேசைக்குப் பதினெட்டுச் சுருள் வந்தது. எல்லாம் சலவை செய்து, ஒரே மாதிரி சாம்பல் நிறம். ஆலை வேறு நிறம் செய்வதில்லை. கலந்து அரைத்தால் கடைசியில் எல்லா நிறமும் அங்கேதான் வந்து நிற்கும். அவர் தடவித் தடவிச் சொல்ல, வண்டிக்காரன் படிவத்தில் எழுதினான். பாஸ்போர்ட் எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பது வழக்கம். யார் வீடு என்று தெரிந்தால் மதிப்பெண் பிசகும்.

பதினொன்றாவது சுருளை விரித்தார்.

"படுக்கையறை. மூணுக்கு நாலு மீட்டர். இங்க கட்டில். இங்க அலமாரி. ஒரு கால் குட்டை, அட்டை மடிச்சு வச்சிருக்காங்க."

கை ஒரு கணம் நின்றது. அட்டை எல்லா வீட்டிலும்தான் வைக்கிறார்கள். மேலே போனார்.

"கட்டில்லேர்ந்து ஜன்னலுக்கு ஒரு தடம். ஒரே ஆளு. பொம்பளை. வலது காலை இழுத்து வச்சிருக்காங்க. இடது குதிகால்தான் எல்லாப் பாரத்தையும் வாங்கியிருக்கு."

"ம்."

"ஜன்னல் கிட்ட..." குனிந்து மூக்கு படும் அளவுக்குப் பார்த்தார். "டேய், இங்க பாரு. பின்துணி தெரியுது. ரெண்டு பாதம், அச்சு வெட்டின மாதிரி. இது வெளிச்சத்துக்கு நிக்கற நிப்பு இல்ல. வெளிச்சத்துக்கு நின்னா நகர்ந்து நகர்ந்து நிப்பாங்க. இது நகரவே இல்ல. தினமும் ரெண்டு மூணு மணி நேரம், குறைஞ்சது மூணு வருஷம். முன்விரல் பக்கம் பாரு, எக்கி எக்கிப் பார்த்திருக்காங்க."

"என்னத்தைண்ணே?"

"வரவேண்டிய ஆளு வரலை," என்றார் தேய்வுக்காரர். "நம்ம கூடத்துல எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஒருத்தனுக்கும் இந்த நிப்பு வரலியே. எழுது, தேய்வு ஒண்ணு. எண்ணைப் பார்."

வண்டிக்காரன் மூலையைத் திருப்பினான். "நாலு நாலு ஒண்ணு..." என்று ஆரம்பித்து, எண்ணுக்குக் கீழே இருந்த பயனர் பெயரைப் பார்த்து நிறுத்தினான். அவன் நிறுத்தியதால்தான் அவர் எட்டிப் பார்த்தார்.

அவன் பேனாவை மூடிப் பையில் வைத்தான். வண்டியை அணைத்தான். பக்கத்தில் மாமியார் மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க போய் டீ குடிங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"உனக்குத் தேய்வு பார்க்கத் தெரியாதே," என்றார். பன்னிரண்டாவது சுருளை அவரே விரித்தார். பதினெட்டையும் முடித்தார். அன்று மாலை நடைக்கும் போனார். கம்பளத்தில் சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நின்றிருந்த சாயப் பட்டறைக்காரரிடம் போய், "நீங்க உட்காருங்க," என்றார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கம்பளம் எடை குறைந்தது.

நிறைச் சமநிலைக் குழு கூடியது. போன பொருளும் வந்த பொருளும் சமமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் வேலை. மேலாளரும் மனிதவள அதிகாரியும் மேசைக்கு அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம்.

"போன எடை இருபத்து நாலு கிலோ," என்றார் மேலாளர். "வந்த எடை இருபத்து மூணு கிலோ முன்னூத்தித் தொண்ணூறு. அறுநூத்திப் பத்து கிராம் எங்க?"

"தேஞ்சிருக்குங்க."

"தேஞ்சாலும் பொருள் உலகத்துல எங்கயாவது இருக்கணும் இல்லையா? அதுதானே நம்ம தத்துவம். ஜன்னலோரம் வெட்டி எடுத்தீங்களா?"

"இல்லைங்க. என் வீட்டுக்காரி அங்க நின்னா."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணியிலேர்ந்து. சில நாள் எட்டு வரைக்கும்."

"என்ன வேலையா?"

"வேலை இல்லைங்க. பஸ் பார்க்க."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுதான் பிரச்சினை. நம்ம கார்பெட் நடமாட்டத்துக்கு உத்தரவாதம் உள்ளது. நிக்கறதுக்கு இல்ல. ஒரே இடத்துல நின்னா இழை செத்துப்..." மனிதவள அதிகாரி தொண்டையைச் செருமினார். "இழை அடுத்த கட்டத்துக்குப் போயிடும். உட்கார்ந்து பார்த்திருக்கலாமே?"

"உட்கார்ந்தா ஜன்னல் எட்டாதுங்க."

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"நாலாம் கூடத்துல நடந்துக்கிட்டிருந்தேன்."

மேலாளர் முகம் மலர்ந்தது. கோப்பைப் புரட்டினார். "ஆமா, பதிவு இருக்கு. மூணு வருஷத்துல ஒன்பதாயிரம் கிலோமீட்டர்! இந்த ஆலையில இத்தனை தூரம் யாரும் போனதில்ல. பெருமையா இருக்கு."

அவருடைய வீடு ஆலையிலிருந்து ஏழு கிலோமீட்டர்.

"கையெழுத்து பயனர்தான் போடணும்," என்றார் மனிதவள அதிகாரி தயங்கி. "இழப்பு இல்லைன்னு. அவங்க இப்போ... இடமாற்றத்துல இருக்கறதால..."

"புது முகவரி வாங்குங்க," என்றார் மேலாளர் எழுதிக்கொண்டே. பிறகு மீட்பு அணியை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானமாயிற்று.

மீட்பு அணி என்பது ஒரு பரிசோதகரும் ஓர் உறிஞ்சு இயந்திரமும். அவர்கள் வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவருக்கு அரை நாள் அனுமதி கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் அவர் வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்தது, விடுப்பு நாட்களைத் தவிர, அன்றுதான்.

படுக்கையறையில் வெறும் சிமெண்டுத் தரை. பரிசோதகர் சின்ன வயதுப் பெண். காலுறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கதவிடுக்கில் எல்லாம் உறிஞ்சினாள். ஜன்னல் சட்டத்தில் தோள் உயரத்தில் கை பட்டுப் பட்டுப் படிந்த அழுக்கு இருந்தது. அதையும் தூரிகையால் தட்டிப் பார்த்தாள். அது இழை இல்லை.

"செருப்பு ஏதாவது இருக்குங்களா? அவங்க வீட்டுல போட்டது?"

எடுத்துக் கொடுத்தார். அவள் அடிப்பாகத்தின் கோடுகளுக்குள் ஊசியால் சுரண்டி, சாம்பல் நிற நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். இடது செருப்பில் நிறைய இருந்தது. எடுத்து முடித்துச் செருப்பைத் துடைத்து, ஜோடியாக வைத்துத் திருப்பித் தந்தாள். வலது, இடது மாறாமல் வைத்தாள்.

பிறகு தட்டில் கொட்டி எடை போட்டாள். நாற்பத்தேழு கிராம். மேலாளருக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "அவ்வளவுதானா? சரி, மீதியைப் பயனர் எடுத்துச் சென்றார்னு எழுதும்மா. ஆனா சுத்தமான இழையா இருக்கணும். வேற எதுவும் கலக்கக் கூடாது. மாமி... இயந்திரத்துக்கு ஒத்துக்காது."

அவள் இடுக்கி எடுத்துத் தட்டின் மேல் குனிந்தாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள். சாம்பல் இழைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றொன்றாக வேறு எதையோ பிரித்து ஓரமாக வைத்துக்கொண்டே போனாள். நீளமாக இருந்தன. பாதி கறுப்பு, பாதி நரை. விரலில் சுற்றிச் சின்ன வளையமாக்கி, தனியாக எடை போட்டு, ஒரு கண்ணாடித்தாள் உறையில் இட்டு நீட்டினாள்.

"இது எங்களோடது இல்லைங்க. அந்நியப் பொருள். நாலு கிராம். திருப்பிக் கொடுத்தாச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

அவர் போட்டார்.

"இங்க ஒண்ணு நிரப்பணும். அடுத்த கட்டம்னு. சும்மா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்லங்க, நான் ஏதாவது போட்டுக்கறேன்," என்று சொல்லிப் படிவத்தை மடித்தாள். இயந்திரத்தின் ஒயரைச் சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மணி நாலு அடிக்கச் சில நிமிடம் இருந்தது. உறையைச் சட்டைப் பையில் வைத்தார். ஜன்னல் சுவரிலிருந்து தரையைக் கையால் அளந்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து நின்றார். தரை சில்லென்று இருந்தது. இடது குதிகாலில் பாரத்தை வைத்து, சட்டத்தில் கை அழுக்கு இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் அங்கிருந்து தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். தெரியவில்லை. எதிர் வீட்டுச் சுவர் மறைத்தது. எக்கிப் பார்த்தால், நிறுத்தத்துக்கு முன்னால் உள்ள வளைவில் பஸ்ஸின் மேற்கூரை மட்டும் தெரிந்தது. மூன்று விநாடி. பிறகு பஸ் நின்று கிளம்புகிற சத்தம். யார் இறங்கினார்கள் என்று அதற்கப்புறம் தெரு முனையில் ஆள் வந்து திரும்பினால்தான் தெரியும்.

நாலு மணி பஸ் நாலு இருபதுக்கு வந்து போயிற்று. தெரு முனையில் யாரும் திரும்பவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். அவர் நகராமல் நின்றார்.